விருத்தாசலம் டிரிப்

பஸ் நின்றால் நாட்டின் நாடித்துடிப்பே நின்றுவிடும் என்று கடலூர் ஷெட் வாசலில் முழங்குகிறார் முதலாளி பொன்னுரங்கம். அவரிடம் இருப்பது இரண்டே பஸ். அதிலும் ஒன்று சக்கரம் கழற்றப்பட்டுக் கல்லின்மேல் கிடக்கிறது. சாய்வெயில் கண்ணாடியில் பட்டு டிரைவர் ரஃபியுதீனின் கண்ணைக் கூசச் செய்கிறது. "சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு அப்புறம் பரங்கிப்பேட்டையில தங்கச்சி நிக்காஹ், முதலாளி. வாப்பா இல்ல. நான் நின்னு சம்மதம் சொன்னாத்தான் கல்யாணம்." "சொல்லேன், யாரு வேணான்னா? விருத்தாசலம் டிரிப்பை முடிச்சுட்டுப் போய்ச் சொல்லு." "அதுக்குள்ள மாப்பிள்ள வூட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க." "அப்ப சாவிய வெச்சுட்டுப் போ. நாளையிலேர்ந்து வராத." ரஃபியுதீன் உள்ளங்கை வலிக்கச் சாவியை இறுக்குகிறான். பஸ்ஸுக்குள் யாருடைய கூடையிலோ கோழி கத்துகிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறார். "உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, இந்த ஒரு டிரிப் நீங்க எடுங்களேன்" என்கிறான் ரஃபியுதீன். "எனக்கு ஏதுப்பா நேரம்?" என்று முதலாளி ஜரிகைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். டீசல் நாற்றத்தையும் மீறி அத்தர் மணக்கிறது. காரில் ஏறிக் கதவைச் சாத்துகிறார். அவர் போவது பரங்கிப்பேட்டைக்கு, ரஃபியுதீனே வீடு தேடிப் போய் அழைத்த அந்த நிக்காஹ் விருந்துக்கு.