நீர்நாய்ப் பாடம்

தவக்காலத்துச் சாப்பாட்டில் மூன்றாவது கிண்ணம் சூப் வாங்குகிற ஆளைப் பெரில் இதற்கு முன் பார்த்ததில்லை.

வியாழன்தோறும் மத்தியானம் தேவாலயக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் மட்டும்தான். வயிற்றை அடக்குவதற்கென்று வைத்த சாப்பாடு. கால்வாயில் படகைக் கட்டி அதிலேயே குடியிருக்கும் ஜெத்ரோ அதில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தான்.

சூப்புக்குப் பிறகு பாடம். ஊரே சின்ன வயதில் படித்த ஒரு மாயக்கதையை எடுத்துக்கொண்டு, அதன் ஆன்மிகப் பொருளைப் பெரில் விளக்கி வந்தாள். தப்புச் செய்த சிறுவனுக்குப் பதிலாக, பேசும் நீர்நாய் ஒன்று உறைந்த ஆற்றுக்கு அடியில் போகிற கதை. நீர்நாய் என்றால் கிறிஸ்து, பனி என்றால் பாவம். ஐந்து வாரத்தில் நீர்நாயின் மீசைக்குக்கூட ஒரு பொருள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஜெத்ரோ ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"நீர்நாயைக் கொஞ்ச நேரம் நீர்நாயா இருக்க விடுங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள், பெரிலைத் தவிர. இவன் சூப்புக்கு மட்டும் வரவில்லை, வேறு எதற்கோ வருகிறான் என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டது.

அதனால்தான் ஐந்தாம் வாரம் கிண்ணங்களைக் கழுவிவிட்டு வந்தவள், மேஜைமேல் புத்தகத்தைக் காணோம் என்றதும் நேராக அவனிடம் போனாள். லேசுப்பட்ட புத்தகமா அது? தேவாலயத்துக்கே சொந்தமான, வண்ணப் படங்கள் போட்ட பழைய பிரதி.

"உங்க பையைக் கொஞ்சம் திறங்க."

திறந்தான். ஒரு கம்பளித் தொப்பியும் பாதி ரொட்டியும் இருந்தன.

பாதிரியார் விட்டுவிடலாம் என்றார். பெரில் விடுவதாக இல்லை. கிளம்பத் தயாராக வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "யாரும் தப்பா நினைக்காதீங்க. ஒவ்வொருத்தரா கோட்டைக் கழட்டிக் காட்டிருங்க. மடியில கனமில்லாதவங்களுக்கு என்ன பயம்?" என்றாள். அவளுடைய கணவர் சிரிலும் அந்தக் கும்பலில் நின்றிருந்தார்.

ஜெத்ரோ வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"அதெல்லாம் வேண்டாம். நான்தான் எடுத்தேன்."

"எங்க அது?"

"இப்ப என்கிட்ட இல்ல."

இனிமேல் வர வேண்டாம் என்று பாதிரியார் அவன் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். 'எனக்கு முதல் நாளே தெரியும்' என்று வழியெல்லாம் சிரிலிடம் சொல்லிக்கொண்டே பெரில் வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் சிரிலுக்குக் கோட்டைக் கழற்றிவிட்டாள். உள்ளே வயிற்றோடு ஒட்டி இருந்தது புத்தகம்.

ஒரு வருஷமாகவே சிரிலுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் அவள் மூடி வைத்திருந்தாள்.

"இதை ஏங்க எடுத்தீங்க?"

"படம் அழகா இருக்கு," என்றார் சிரில். "கீழ விழப் பாத்துச்சு. அந்தப் படகுக்காரர்தான் கோட்டுப் பட்டனைப் போட்டுவிட்டார். தங்கமான மனுஷன்."

பெரில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பாதிரியாருக்குப் போன் போட்டாள்.

"புத்தகம் கிடைச்சிருச்சு."

"அப்படியா? எங்க இருந்துச்சு?"

சிரில் படங்களைப் புரட்டிப் புரட்டித் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு வாசல்ல," என்றாள் பெரில். "அந்த ஆள்தான் வெச்சுட்டுப் போயிருக்கணும்."

பாதிரியாருக்குக் குரல் நெகிழ்ந்துவிட்டது.

"பாத்தீங்களா பெரில், உங்க பாடம் ஒருத்தனையாவது திருத்திருச்சு."