மச்சான் கையில் மூச்சு

திரேஸ்புரத்துக்குக் கிழக்கே, காலை வெயிலில் கடல் அசைவில்லாமல் பால்போலக் கிடக்கிறது. வள்ளத்தில் காற்று இயந்திரம் கடகடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் மஞ்சள் குழாய் வளனின் விரல்களுக்கிடையே நழுவி நீருக்குள் மறைகிறது. மறுமுனையைக் கடித்தபடி அடியில் சங்கு தேடுகிறான் ஜோன்ஸ், வளனின் தங்கை கணவன். இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது. "கோவம்னா வேற ஆளு பிடிக்கலாம்லா?" என்கிறேன். "கோவம் கரையோட, அண்ணாச்சி. குழாய மச்சான்தான் பிடிக்கணும். தாலி எந் தங்கச்சி கழுத்துலல்லா கெடக்கு." பேசும்போதும் வளனின் கண் நீர்க்குமிழிகளை விட்டு விலகவில்லை. குழாய் மடங்குமுன்பே விரல் அதை நிமிர்த்திவிடுகிறது. விசுவாசம் என்ற சொல் வடமொழியில் மூச்சைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததாம். அச்சமின்றி மூச்சுவிடுவதுதான் அதன் முதற்பொருளாம். குழாய் இருமுறை சுண்டுகிறது. வளன் இழுக்கிறான். மேலே வந்த ஜோன்ஸ் சங்குப் பையை என்னிடம் நீட்டுகிறான். மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துச் சற்று இளைப்பாறுகிறான். பிறகு குழாயைக் கடித்துக்கொண்டு, அது யார் கையில் இருக்கிறதென்று திரும்பிப் பாராமலே, மறுபடியும் பச்சை இருளுக்குள் இறங்குகிறான்.