பட்டர் ஃப்ரூட் காயம்

"எத்தனை தையல்?" என்று சர்ச் வாசலில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வலது கையில் இருந்த பெரிய கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டியே ஜாய்ஸ் அலுத்துப்போனாள்.

"தையல் இல்ல. பட்டர் ஃப்ரூட்ல கொட்டையை எடுக்கப்போயி கத்தி வழுக்கிருச்சு."

நேற்று சாயங்காலம் கணவன் ஞானதுரை கடையை அடைத்துவிட்டு வரும்போதே அந்தக் கட்டு இருந்தது. "நாளைக்கு நீ உக்காரு. நான் பாத்துக்கிறேன்" என்றான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஜாய்ஸ் அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்டாள்.

ஞாயிறு தவறாமல் கூடலூரிலிருந்து அவன் அக்கா ஜெபராணி குடும்பத்தோடு போடிக்கு வந்துவிடுவாள். எட்டுப் பேருக்குச் சாப்பாடு, பிறகு பட்டர் ஃப்ரூட் ஜூஸ். வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தும் ஜாய்ஸுக்கு ஒரே ஒரு ஞாயிறு சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கை கால் கழுவி, சேலை மாற்றி, மறுபடி கட்டுப் போட்டுக்கொண்டு அவசரமாக அடுப்படிக்கு வந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பிரியாணி கடையிலிருந்து வந்தாயிற்று. ஜூஸ் மட்டும்தான் பாக்கி. ஞானதுரை பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கத்தியை எடுத்தான்.

"ஐயோ, கையில வச்சு வெட்டாதீக! அங்கன வைங்க." கட்டுப் போட்ட கை மடியிலேயே இருக்க, வலது கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள். "நீளவாக்குல, கொட்டை தட்டுற வரைக்கும் சுத்தி வெட்டுங்க. இப்ப ரெண்டு பக்கமும் பிடிச்சுத் திருகுங்க."

பழம் பிரிந்தது. ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டிருந்த கொட்டையைக் கத்தியால் கொத்தப் போனான்.

"கொத்தாதீக! பலகையில வச்சே அந்தப் பாதியை இன்னும் ரெண்டாக்குங்க. விரலால தள்ளுனா கொட்டை தானா வந்துரும்."

வந்துவிட்டது. ஞானதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இம்புட்டு விவரம் தெரிஞ்சவ எப்படி வெட்டிக்கிட்ட?"

"அசதிங்க."

அவன் அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டான்.

வந்தவர்கள் கிளம்பும்போது மணி நாலு. "அடுத்த வாரத்துக்குள்ள ஆறிரும்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபராணி வண்டி ஏறினாள்.

ஞானதுரை எட்டுத் தம்ளரையும் கழுவிக் கவிழ்த்தான். குழாயை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"அடுத்த வாரம் மறக்காம வலது கையிலயே கட்டு, ஜாய்ஸ்."