கதகதப்பான இடம்

"டாக்டரம்மா, குளிர்ந்த பக்கத்துல படுத்துத்தான் என் நெஞ்சு கெட்டுதுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. சிவப்பு முத்திரையும் குத்துங்க. அது போதும்."

நாற்காலியில் உட்காரும் முன்பே தெஃபூ இதைச் சொல்லிவிட்டார்.

டாக்டர் மியாவ் நிமிர்ந்து பார்த்தாள். "மருந்து வேணாமா, பெரியப்பா?"

"மருந்து கிடக்கட்டும். என் இடம் எனக்குத் திரும்ப வேணும்!"

ஊரில் எல்லா வீட்டையும் போல அவர் வீட்டிலும் செங்கல்லால் கட்டிய காங்தான் படுக்கை. அடுப்புப் புகை அதன் அடிவழியாக ஓடிச் சூடேற்றும். அடுப்பை ஒட்டிய பக்கம் கதகதவென்று இருக்கும். மறுகோடி ஜில்லிட்டுக் கிடக்கும். சூடான பக்கம் வீட்டுப் பெரியவருக்கு. யாரும் கேட்டு வாங்குவதில்லை, அது முறை.

பதினோரு வருடத்துக்கு முன் அண்ணன் சாவுக்குப் போய்த் திரும்பிய தெஃபூ, அந்த இடத்தில் மனைவி யுன்ஷியாவின் மெத்தை விரித்திருப்பதைப் பார்த்தார். கத்தினார். எட்டி உதைத்தார். அவள் நகரவே இல்லை.

"பொண்டாட்டி வெந்நீர்ல, புருஷன் பனிக்கட்டியில! ஊரே சிரிக்குது, டாக்டரம்மா."

அவருக்குப் பின்னால் வந்த யுன்ஷியா கதவைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நடிப்பைப் பாருங்க! நான் சீக்காளின்னா, இவ அதைவிடப் பெரிய சீக்காளி ஆயிடணும்."

"சும்மா இருய்யா... கிழவா... ஊரெல்லாம்... ஊதினது போதாதா?" என்றாள் யுன்ஷியா.

"போன மாசம் எக்ஸ்ரேல என் நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, நான் நம்பலை" என்றார் தெஃபூ.

"ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. ஊதினாத்தான் தெரியும். முதல் விநாடியில எவ்வளவு காத்து வெளிய வருதுன்னு இந்த மெஷின் சொல்லிடும்."

மூக்கில் கவ்வியை மாட்டிக் குழாயை வாயில் கொடுத்தாள். தெஃபூ முகம் சிவக்க ஊதினார். மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை உறிஞ்சி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினார்.

"பெரியம்மா, நீங்களும் ஊதுங்க."

"எனக்கு... எதுக்கும்மா?"

"நாலு வார்த்தை பேச மூணு தடவை மூச்சு வாங்குறீங்களே."

அவளும் ஊதினாள். மருந்துக்கு முன்னும் பின்னும்.

இரண்டு தாள்களும் மேசைக்கு வந்தன.

"மோசமாத்தானே இருக்கு?" தெஃபூ ஆவலாகக் கேட்டார்.

"உங்களுக்கு ஆரம்பம்தான். நாப்பது வருஷம் புகையிலை சுருட்டிப் பிடிச்சவர், இதோட தப்பிச்சது அதிர்ஷ்டம். இன்னிக்கே விட்டுடுங்க." அடுத்த தாளைத் திருப்பியபோது டாக்டரின் குரல் இறங்கியது. "பெரியம்மாவுக்கு மூச்சுக்குழாய் அடைஞ்சுபோச்சு. மருந்துக்கும் திறக்கலை. இருக்கவேண்டியதுல மூணுல ஒரு பங்கு காத்துதான் வருது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

தெஃபூ இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்தார்.

"தாளை மாத்திட்டீங்க! அவ ஒருநாள்கூடப் புகையிலையைத் தொட்டதில்லை!"

"புகைன்னா புகையிலை மட்டுமா? பெரியம்மா, நீங்க எந்தப் புகையில இருக்கீங்க?"

யுன்ஷியா தரையைப் பார்த்தாள்.

"காங்குல வெடிப்பு இருக்கும்மா. அடுப்பை ஒட்டின பக்கம். குளிர்காலம் பூரா கரிப்புகை... தலைமாட்டுலயே கசியும். வருஷா வருஷம் மண்ணு பூசுறேன். திரும்ப வெடிச்சுடுது."

"எங்கிட்டச் சொன்னியாடி?" தெஃபூ அவள் பக்கம் திரும்பினார்.

"சொன்னேனே. இடிச்சுக் கட்டலாம்னேன். 'என் கையால கட்டினதுக்கு நீ குத்தம் சொல்றியா'ன்னு... துடைப்பத்தை எடுத்தே. குளிர்ந்த பக்கம் வந்து படுன்னேன். 'செத்தாலும் சூடான பக்கத்துலதான் சாவேன்'னே."

"அதனால நீயே போய்..."

அவள் மெல்ல மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"உன் நெஞ்சுல ஏற்கெனவே ஒரு புகை இருந்துச்சு, கிழவா. ரெண்டு தாங்காது."