அசையாத செல்லங்கள்

"இதுல பாம்பு எது, குச்சி எதுன்னு என்னைத் தவிர யாராலயும் சொல்ல முடியாது அத்தை" என்றான் தனாகோன்.

பசையரிசிச் சோறு நிறைந்த மூங்கில் கூடையோடு மூன்று நாளுக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், கண்ணைச் சுருக்கிக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார்.

அந்த இரண்டு தண்ணீர்ப் பாம்புகளுக்காக அவன் செய்யாதது இல்லை. இலை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீர், இறுக்கமான மூடி, ஒளிந்துகொள்ள மரக்குச்சிகள், தின்னப் பொடி மீன்கள்.

"மீனெல்லாம் குஞ்சு பொரிச்சுப் பெருகிக் கிடக்கு. உங்க பாம்பு என்ன விரதமா?" என்றாள் மனைவி பென்ஸ்ரீ.

"புது இடமில்லையா, கூச்சப்படுது. கட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கிறதுதான் இந்த ஜாதிக்கே அழகு. பாரு, மூணு நாளா அசையல. என் கண்ணுங்களா!"

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. வந்த அன்னிக்கே தொட்டியைச் சுத்தம் பண்ணி, அழுகின குச்சி ரெண்டை எடுத்து வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"குச்சிதானே அத்தை, போனா போகட்டும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா, போட்டதும் ரெண்டும் எதிர்நீச்சல் அடிச்சுப் போச்சே!"