மூடியில்லாத பாட்டில்கள்

எழுதிப் பழகாத கை. கணிப்பொறி அறையொன்றின் ஐந்து நிமிடங்களைச் சொல்லத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மதிய வெயில் ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியே கோடுகோடாகத் திரைகளின்மேல் விழுகிறது. கொள்முதல், இருப்பு, விற்பனை எல்லாம் பார்க்கும் நிறுவன மென்பொருளில், பாடப் பயிற்சி ஆட்டமாகக் கற்பனைப் பழச்சாறுக் கம்பெனிகளை நடத்தும் ஆறு மாணவர் குழுக்களுக்கும் இது கடைசிச் சுற்று. முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண். முன்னிலையில் இருக்கும் குழுவின் பின்னால் விரிவுரையாளர் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார். எல்லாக் குழுக்களுக்கும் வந்ததுபோலவே இவர்கள் திரையிலும் ஒரு பெரிய ஆர்டர் காத்திருக்கிறது. ஏற்றுக்கொண்ட நொடியே புள்ளிகள் ஏறிவிடும். கொள்முதலைக் கவனிக்கும் பெண்ணின் விரலோ இருப்புப் பட்டியலின் ஒரு வரியில் நிற்கிறது. “மூடி பத்தாது. புதுசு வர ரெண்டு வாரமாகும். இந்த ஆர்டர் வேணாம்.” விற்பனையைக் கவனிப்பவன் பதறுகிறான்: “சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சிடும் தாயே! யார் வந்து கேக்கப் போறா?” அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “வாங்குறவன் பாட்டில் வாயைக் கையால பொத்திக்கிட்டே வீட்டுக்குப் போவானா? குடுக்க முடியாததைக் குடுக்கிறேன்னு சொல்ல மாட்டேன்.” அவன் தலையில் கைவைத்துச் சிரித்துவிடுகிறான். “உன்கூடக் கூட்டுச் சேர்ந்தேன் பாரு! சரி, அமுக்கித் தொலை.” ஆர்டரை மறுக்கும் பொத்தான் ‘டக்’கென்று ஒலிக்கிறது. மற்ற ஐந்து மேசைகளிலும் ஆர்டரை ஏற்றுக்கொண்ட ஆரவாரம். சுவரின் பெரிய திரையில் இவர்களுடைய பெயர் படிப்படியாக இறங்கி அடியில் போய் நிற்கிறது. அனுப்பாத சரக்குக்கும் புள்ளி தரும் இப்படியோர் ஓட்டை மதிப்பெண் விதியில் இருப்பது விரிவுரையாளருக்கே இப்போதுதான் உறைக்கிறது. இருந்தும், பெற்ற மகள் பட்டம் வாங்குவதைப் பார்ப்பவர்போல் அவர் நெஞ்சு நிமிர்கிறது.

அந்தக் குழு இழந்தவை: ஓர் ஆர்டர், முதலிடம், பத்து மதிப்பெண்.