பெரிய எழுத்து

"என்ட கம்ப்யூட்டர்ல ஆர் கை வச்சது?"

திங்கட்கிழமை காலையிலேயே கிருபாகரன் கத்தினார். ஈமெயிலில் வந்த லிங்கை அழுத்தினால் வழக்கமான பிரவுசர் திறக்கவில்லை. வேறொன்று திறந்தது. அதிலும் எழுத்தெல்லாம் பஸ் போர்டில் எழுதினது மாதிரிப் பெரிசு.

"எனக்கும் அப்படித்தான்!" என்றாள் றுஷ்னா. "பாஸ்வேர்ட் எல்லாம் பழையதுலதானே சேவ் பண்ணி வச்சேன்."

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த ஷிப்பிங் அலுவலகத்தில் ஒரு மெஷின் தப்பவில்லை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்கான் எழுந்து நின்றான். "நான்தான். சனிக்கிழமை அப்டேட் போடக்குள்ள டீபோல்ட் பிரவுசரையும் மாத்திட்டேன்."

"ஆரைக் கேட்டு?" மனேஜர் சுந்தரலிங்கம் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். "வேலை செய்யிற ஆக்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கத் தெரியாதா? இதென்ன உம்மட வீட்டுக் கம்ப்யூட்டரா?"

"சொரி சேர்."

"பின்னேரத்துக்குள்ள பழையபடி ஆக்கும்."

"வேணுமெண்டவங்களுக்கு மாத்தித் தாறேன் சேர். இதுவே பிடிச்சிருந்தா அப்படியே வச்சிருக்கலாம்."

"ஆருக்கப்பா இது பிடிக்கும்?" என்றார் கிருபாகரன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூலை மேசையில் இருந்த எவ்லின் மட்டும் சிரிக்கவில்லை.

கப்பல் கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் கொண்டெய்னர் இலக்கங்களைப் பார்த்துப் பதிவது அவர் வேலை. இரண்டு கண்ணிலும் புரை. ஒப்பரேஷனுக்குத் திகதி இன்னும் கிடைக்கவில்லை. போன மாதம் ஓர் இலக்கம் பிழையாகி, யாருடையதோ கொண்டெய்னர் இடம் மாறி ஒருகொடவத்தை யார்டுக்குப் போய்விட்டது. "இன்னொருக்கா நடந்தா வேற ஆளைத்தான் பார்க்க வேணும்" என்று மனேஜர் சொல்லியிருந்தார். கண்ணைப் பற்றி எவ்லின் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு எட்டு, எட்டாகவே தெரிந்தது. மூன்று, மூன்றாகவே தெரிந்தது.

பின்னேரம் ரிஸ்கான் மேசை மேசையாகப் போனான். கிருபாகரனுக்கு மாற்றிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் ஏச்சு வாங்கினான். றுஷ்னாவுக்கு மாற்றினான். மனேஜரின் அறைக்குள் போனான்.

"என்டது இருக்கட்டும்" என்றார் சுந்தரலிங்கம், தலை நிமிராமல்.

கடைசியாக எவ்லினிடம் வந்தான்.

"என்டதையும் அப்படியே விட்டிருங்க தம்பி." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்னத்துக்கு மாத்தினீங்களோ எனக்குத் தெரியாது. காலையிலயிருந்து எல்லாருட்டயும் ஏச்சு வாங்குறீங்க. ஆனா எனக்கு இது பெரிய உபகாரம். ஆண்டவர்தான் உங்கட கையால செய்விச்சிருக்கார். நன்றி தம்பி."

ரிஸ்கான் மேசைக்கருகே குனிந்து, வயரைச் சரிசெய்வதுபோல் மெல்லச் சொன்னான்:

"போன கிழமை நீங்க ஸ்கிரீனை போன்ல படமெடுத்து, பெருசாக்கி வாசிச்சதைக் கண்டேன் மிஸ். உங்கட மெஷினை மட்டும் மாத்தினா, ஏனெண்டு எல்லாரும் கேட்பாங்களே."